புத்தளத்து மன்னன் கொடுத்த பரிசு

தீபாவளிக்கு ஒரு கிழமை இருக்கையில் சிலாபம் கடைவீதியிலே நடந்து பார்த்தவர்களுக்கு நாம் சொல்ல வருவது எளிதில் விளங்கும். புடைவைக் கடை வாசலில் செருப்புக் கழற்றி வைக்கவும் இடமிராது. உடப்பிலிருந்தும் முந்தலிலிருந்தும் பஸ்ஸேறி வந்த தாய்மார், ஒரு கையிலே பிள்ளையும் மறு கையிலே பையுமாக, மருமகனுக்கு வேட்டி, சம்பந்தி வீட்டாருக்குச் சேலை, போன வருஷம் எமக்குத் தந்தவர்களுக்கு அதே விலையில் ஏதாவதொன்று என்று விரல் மடித்துக் கணக்குப் பார்ப்பர். வாங்குவதிற் பாதிக்கு மேல் பிறருக்குக் கொடுப்பதற்கே. ஆயினும் வீடு திரும்பும் பஸ்ஸிலே அவர்கள் முகத்தைப் பார்த்தால், கொடுக்கப் போகின்ற மகிழ்ச்சியைக் காட்டிலும் கடன் தீர்த்த களைப்பே மிகுந்து தோன்றுகின்றது.

யாருக்கு எதைக் கொடுப்பது என்ற இந்தக் கேள்வி புதியதன்று. எமது கரையிலேயே ஏறக்குறைய 680 ஆண்டுகளுக்கு முன் ஒரு மன்னன் அதற்கு விடை கண்டான். அந்தச் செய்தி எமது வாலிபர்களிற் பலருக்குத் தெரியாதிருப்பதால் அதனைச் சற்று விரிவாகவே இங்கே எழுதுகின்றோம்.

1344ஆம் ஆண்டு. மொறொக்கோ நாட்டில் பிறந்து, அரபு நாடுகளையும் பாரசீகத்தையும் டில்லியையும் கண்டு, மாலைதீவிலே நீதிபதியாகவும் இருந்த இபுனு பதூதா என்னும் யாத்திரிகர், மாலைதீவிலிருந்து மாபார் என்று அரபியர் அழைத்த தமிழ்நாட்டுக் கரைக்குப் புறப்பட்டார். காற்று மாறிற்று. ஒன்பதாம் நாளிலே, புகைத்தூண் போல வானளாவ நின்ற ஒரு மலை கப்பலிலிருந்தோர் கண்ணுக்குத் தெரிந்தது. அதுவே நாம் சிவனொளிபாதம் என்று வணங்கும் மலை. கப்பல் ஒதுங்கிய கரையோ ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டது. அவன் கொடியவன், அவனுடைய கப்பல்கள் கடலிலே கொள்ளையடிப்பன என்று மாலுமிகள் இறங்க அஞ்சினர். ஆனால் வெளியே நின்றால் கடல் விழுங்கிவிடும். ஆகவே இபுனு பதூதா தாமே முதலில் இறங்கி, கரையில் வந்து மறித்தவர்களிடம், தாம் மாபார் சுல்தானின் மைத்துனரென்றும், கப்பலிலுள்ளவையெல்லாம் அச்சுல்தானுக்குக் கொண்டு செல்லும் வெகுமதிகளென்றும் சொன்னார். மைத்துன முறை உண்மைதான். இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். சரக்கெல்லாம் வெகுமதியாக மாறியது அந்த நிமிஷத்திலேதானோ என்று எமக்கு ஒரு சந்தேகம். அது கிடக்கட்டும்.

மன்னன் அப்பொழுது தங்கியிருந்த இடத்தைப் பத்தாலா என்று அவர் குறிக்கின்றார். அது எமது புத்தளமே என்பது வரலாற்றாசிரியர் பலரின் துணிபு. மரத்தாலாய மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய, அழகிய பட்டினமாம். ஆற்றுவெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் கரை நெடுகக் குன்றுகளாகக் குவிந்து கிடந்தனவாம். மாபாரிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் வருவோர் அவற்றை விலையின்றி ஏற்றிச் சென்றனர். ஆனால் மன்னனுக்குத் துணிமணிகளைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கொடுத்தனர். இன்று புத்தளத்துக் கரையிலே நின்று உப்பு வயல்களைப் பார்ப்பவர்க்கு இங்கே கறுவா குவிந்து கிடந்ததென்றால் நம்புவது கடினந்தான்.

கொடியவன் என்று கேள்விப்பட்டுச் சென்ற அந்த மன்னன், யாத்திரிகரைக் கண்டதும் எழுந்து வரவேற்றுப் பக்கத்தில் இருத்திக்கொண்டான். அவனுக்குப் பாரசீக மொழி விளங்கும். மூன்று நாட்கள் பல தேசத்து அரசர் கதைகளைக் கேட்டு மகிழ்ந்தான். ஒரு நாள் முத்துக்குளிப்பிலிருந்து வந்த முத்துக்களை அதிகாரிகள் தரம் பிரித்துக்கொண்டிருந்த வேளையிலே இபுனு பதூதா உள்ளே வந்தார். மன்னன் சில முத்துக்களைக் கையிலெடுத்து, பாரசீகக் குடாவிலும் இப்படிப்பட்டவை உண்டோ என்று வினவினான். இவற்றிற்கு நிகரானவற்றைக் கண்டதில்லை என்றார் அவர். மன்னன் மகிழ்ந்து அந்த முத்துக்களை அவருக்கே கொடுத்துவிட்டான்.

இங்கேயே கதை முடிந்திருந்தால் இதனை எழுத வேண்டியதில்லை. முத்துள்ள மன்னன் முத்தைக் கொடுத்தான், தன்னிடம் உள்ளதை, தன் பெருமை தோன்றக் கொடுத்தான், அவ்வளவே. ஆனால் அவன் அதனோடு நில்லாமல், கூச்சப்படாமல் உமக்கு வேண்டியதைக் கேளும் என்றான். அப்பொழுதுதான் விருந்தாளியின் உள்ளத்தில் இருந்தது வெளிவந்தது. இந்தத் தீவிலே கால்வைத்த நாள் முதல் எனக்குள்ள ஆசை ஒன்றே, ஆதம் நபியின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்றார்.

மன்னன் சைவன். கேட்டவர் முஸ்லிம். மலையோ ஒருவருக்குச் சிவனடி, ஒருவருக்கு ஆதம் நபியின் அடி, பௌத்தருக்குப் புத்தர் அடி. யாருடைய அடி என்ற விசாரணையில் மன்னன் இறங்கவில்லை. அது எளிய காரியம் என்று சொல்லி, பல்லக்கு ஒன்றும், அதைச் சுமக்க ஆட்களும் கொடுத்தான். ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செய்யும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தன் பரிவாரத்தினர் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று எண்ணிச் சேர்த்தான். கப்பல் தலைவன் இந்தக் கரையிலே காத்திருக்க அஞ்சக்கூடும் என்பதையும் விடவில்லை; நீர் திரும்பும்வரை அவன் என் விருந்தாளி என்றான்.

யோகிகள் நால்வரைத் தேர்ந்தெடுத்த செயலை நாம் மறுபடியும் மறுபடியும் நினைத்துப் பார்ப்பதுண்டு. வாளேந்திய வீரர்களை அனுப்பியிருக்கலாம். அது மன்னனுக்கு இன்னும் பெருமை. வழி அறிந்தவர்களை, அதுவும் அந்த மலைமேல் அன்புள்ளவர்களை அனுப்பினான். எது வேண்டும் என்று கேட்டவன், அது எப்படிக் கைகூடும் என்றும் யோசித்திருக்கிறான்.

இனி அந்தப் பரிசுகள் என்னாயின என்று பார்ப்போம். இபுனு பதூதா மலையைத் தரிசித்துத் தென்கரை வழியாகத் திரும்பிப் புத்தளம் சேர்ந்து, மாபாருக்குக் கப்பலேறினார். சில காலத்தின் பின் மலையாளக் கரையோரம் வடக்கே கடலிற் செல்லும்போது, 12 கப்பல்களில் வந்த கொள்ளையர் அவருடைய கப்பலை வளைத்தனர். இலங்கை மன்னன் கொடுத்த முத்தும் மாணிக்கமும் போயின, உடுதுணிகளும் போயின, அரையில் உடுத்த ஒன்றைத் தவிர யாதும் மிஞ்சவில்லை. ஆனால் மலைக்குப் போய்வந்ததை எந்தக் கொள்ளையன் பறிக்க முடியும்? பத்து ஆண்டுகளுக்குப் பின், தம் சொந்த நாட்டிலே இருந்து தம் பிரயாணங்களை ஒருவர் எழுத இவர் சொல்லிச் சொல்லி, 1355ஆம் ஆண்டளவில் முடித்த நூலில் அந்த வழியும், குகைகளும், பாறையிலே தொங்கிய சங்கிலிகளும் ஒன்றும் மறவாமல் இருக்கின்றன. புத்தளத்து மன்னனுடைய நற்பெயரும் அதனாலேயே எமக்குக் கிடைத்தது.

கொள்ளைக்குப் பின் நடந்த சிறு காரியம் ஒன்றும் உண்டு. வெற்றுடம்போடு கள்ளிக்கோட்டைக்கு வந்து பள்ளிவாசலிலே புகுந்தவருக்கு, மார்க்க அறிஞர் ஒருவர் அங்கி அனுப்பினார். நீதிபதி தலைப்பாகை அனுப்பினார். வியாபாரி ஒருவர் இன்னோர் ஆடை அனுப்பினார். அரசர் பலர் கையாற் பொன்னும் குதிரையும் வாங்கியவர், இந்தத் துணிகளை யார் யார் தந்தார் என்பதை மறக்கவில்லை.

இதைப் படிக்கையில் நாம் பிறக்குமுன் நடந்த ஒரு காரியம் நினைவுக்கு வருகின்றது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, பல்லாயிரம் குடும்பங்கள் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து சேர்ந்தன. தமிழ் பேசியோர் தமிழ் பேசியோருக்கு இழைத்த தீங்கு அது. அதைத் தமிழ் மலரொன்றிலே மறைத்து எழுதுவது முறையன்று. மன்னாரிலிருந்து வள்ளங்களில் வந்தவர்கள் கையிலே மாற்றுத்துணி கூடச் சரியாக இல்லை. இந்த மாவட்டத்து மக்கள், தாமும் செல்வரல்லாதவர்கள், பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோட்டங்களையும் வீட்டு விறாந்தைகளையும் திறந்துவிட்டனர்; சோறு சமைத்துக் கொடுத்தனர். என்ன கொடுப்பது என்று அன்று எவரும் கடைவீதியில் நின்று யோசித்திருக்க மாட்டார்கள். எதிரே நின்றவரைப் பார்த்தாலே தெரிந்தது.

இனிச் சற்றுப் பின்னே செல்வோம். முத்தைப் பரிசாக அனுப்புவது இத்தீவினரின் மிகப் பழைய வழக்கம். கி.மு. 3ஆம் நூற்றாண்டிலே தேவநம்பிய தீசன், தான் ஒருநாளும் கண்டிராத தன் நண்பன் அசோகச் சக்கரவர்த்திக்கு மணிகளையும் வலம்புரியையும் எட்டுவகை முத்துக்களையும் அனுப்பியதாக மகாவமிசம் கூறும். குதிரை முத்து, யானை முத்து, தேர் முத்து, நெல்லிக்கனி முத்து, மோதிர முத்து என்று அவற்றின் பெயர்களே சிறுபிள்ளைகள் கேட்டு மகிழத்தக்கவை. தூதர் ஐந்து மாதம் அங்கே தங்கினர். அசோகன் பதிலுக்கு அனுப்பியவை முடிசூட்டுக்கு வேண்டிய பொருள்கள்: வெண்குடை, வாள், தலைப்பாகை, பாதுகை, கங்கை நீர். அரியணை ஏறியிருக்கும் புது மன்னன் ஒருவனுக்கு, முத்தைவிட இவையே வேண்டியிருக்கும் என்று சக்கரவர்த்தி அறிந்திருக்கிறான். தீசன் அவற்றைக்கொண்டு மீண்டும் முடிசூடினான் என்பது கதை.

எமது முன்னேஸ்வரமும் அரசர் கொடையால் வாழ்ந்த தலமே. கோட்டையிலிருந்து ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு 15ஆம் நூற்றாண்டிலே அங்குள்ள அந்தணர்க்கு நிலம் வழங்கினான். கிரந்த எழுத்துக் கல்வெட்டு அதற்குச் சான்று. 1578ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். பின்னர் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் கோயிலை மீண்டும் எடுப்பித்து நிலமானியமும் கொடுத்தான். அவனுடைய செப்பேடு 1753ஆம் ஆண்டுக்குரியது. பௌத்த சமயத்தைப் புதுப்பிக்க சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்தவனும் இதே அரசன்தான் என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும்.

கொடுப்பதெல்லாம் அன்பாகிவிடுமா? ஒல்லாந்தர் கதையைக் கேட்டால் அந்த மயக்கம் தீரும். அவர்கள் ஆண்டுதோறும் கண்டிக்குத் தூதரை வெகுமதிகளோடு அனுப்பி, மன்னன் நாட்டிலே கறுவாப்பட்டை உரிக்க உத்தரவு கேட்டு வந்தனர். அதே கைகள்தாம் கற்பிட்டியில் 1676இல் கோட்டை கட்டி முடித்துப் புத்தளத்து வாவியின் வாயைக் காவல் செய்தன. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதையும் தமதாக்கிக் கொண்டபின், கடலை இழந்த கண்டி இராச்சியம் உப்புக்கும் அவர்களையே எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. கற்பிட்டிக் கோட்டை இன்றும் நிற்கின்றது. போகும் வாலிபர்கள் அதன் உறுதியை மட்டும் வியந்து திரும்பாதிருக்க வேண்டும்.

ஆங்கிலேயர் செய்தது இன்னும் வேடிக்கை. 1800ஆம் ஆண்டு தேசாதிபதி நோர்த், தளபதி மக்டவலைத் தூதனாகக் கண்டிக்கு அனுப்பியபோது, ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனுக்கென அனுப்பிய வெகுமதிகளில் அலங்காரக் குதிரை வண்டியும் ஒன்று. கண்டிக்கோ அந்நாளில் வண்டி செல்லும் பாதை கிடையாது; காட்டு வழியும் கணவாயுமே உண்டு. 1820களில் ஆங்கிலேயர் தாமே மலையை வெட்டிப் பாதை போட்ட பிறகுதான் சில்லு உருண்டது. கொடுத்தவர் தம்முடைய ஊர்த் தெருவை மனத்தில் வைத்து வாங்கினார். வாங்குபவருடைய ஊர்த் தெருவை எண்ணவில்லை. மூன்று ஆண்டுகளில் இரு பகுதியாருக்கும் யுத்தம் மூண்டது. வண்டியால் மூண்டதன்று, எனினும் அந்த வண்டி நட்பை வளர்க்கவில்லை என்பது நிச்சயம்.

இந்த வண்டியைப் போன்ற பரிசுகள் எமது வீடுகளிலும் இல்லையா? மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் வீட்டுக்கு மின்சார அடுப்பு. பல்லில்லாத பெரியவருக்கு முறுக்குப் பெட்டி. திருமண வீட்டிலே ஒரே மாதிரியான சுவர் மணிக்கூடுகள் ஏழு. நாம் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில். நத்தார்க் காலத்திலே பெயர்ச் சீட்டுக் குலுக்கி ஒருவருக்கொருவர் பரிசு கொடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. அதிலே ஒரு வருஷம் எமக்கு வந்தது மீன்பிடிக் குடும்பத்துச் சகபாடி ஒருவனின் பெயர். சித்திரப் புத்தகமொன்றை வர்ணத்தாள் சுற்றிக் கொடுத்தோம். அவனிடம் வர்ணப் பென்சில்கள் இல்லை என்பது எமக்குத் தை மாதத்திலேதான் தெரிந்தது. அவன் எம்மிடம் குறை சொல்லவில்லை. ஒரே வாங்கில் ஒரு வருஷம் பக்கத்தில் இருந்தும் அவனுடைய பெட்டிக்குள் என்ன இருக்கின்றதென்று பாராத வெட்கம் எமக்கு இன்னும் உண்டு.

எமது பெரியோர் வகுத்த வழக்கங்களிலே இந்தக் கவனம் உண்டு. குழந்தையையும் குருவையும் தெய்வத்தையும் வெறுங்கையோடு காணப் போகாதே என்றனர். ஆனால் விலையுயர்ந்ததைக் கொண்டு போ என்று சொல்லவில்லை. சித்திரை வருஷப் பிறப்பிலே பெரியவர் வெற்றிலையில் வைத்துத் தரும் கைவிசேஷம் ஒரு நாணயந்தான். அதைச் செலவழிக்க மனம் வராமல் எத்தனை பேர் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்! புது வீட்டுக் குடிபூரலுக்கு உப்பும் மஞ்சளும் முன்னே போகும். குசேலர் கொண்டு சென்ற அவலைக் கண்ணன் பறித்து உண்டதும், அது அரண்மனையிற் கிடையாத பொருள் என்பதாலன்று. இளமையிலே இருவரும் ஒரே குருவிடம் இருந்த நாட்களை அது கொண்டு வந்தது.

அயலில் இருக்கும் முஸ்லிம் தாயார் ஒருவர் பெருநாளுக்கு எமது வீட்டுக்கு வட்டலப்பம் அனுப்புவார். ஒரு முறை பெருநாள் கந்தசஷ்டி விரதத்துக்குள் வந்தது. வட்டலப்பத்தில் முட்டை சேரும். அந்த முறை வந்த தட்டிலே பேரீச்சம்பழமும் வாழைப்பழமும் மட்டும் இருந்தன. விரதம் முடிந்த மறுநாள் காலையிலே வட்டலப்பம் தனியாக வந்தது. நாம் அவருக்குச் சஷ்டி என்று சொன்னதில்லை. எம் அன்னையார் கோயிலுக்குப் போய்வருவதைப் பார்த்து நாளை எண்ணியிருக்கிறார். தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று எம் அன்னையார் பலகாரம் வைத்து அனுப்பினார். அதிலே என்ன வைப்பது என்று அன்று வீட்டில் அரைமணி நேரம் ஆலோசனை நடந்தது.

கடல் கடந்து உழைக்கப் போனவர்களின் பரிசுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கரையிலிருந்து தாய்மார் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கின்றனர். இரண்டு வருஷம் பிள்ளையைக் காணாத தாய், கடைசியாகக் கண்ட அளவை மனத்தில் வைத்துச் சப்பாத்து வாங்கி அனுப்புவாள். அது பிள்ளையின் காலில் ஏறாது. எமது ஊரில் ஒரு தகப்பன் இதற்கு ஒரு வழி கண்டார். மாதந்தோறும் மகளின் பாதத்தை ஈர்க்கினால் அளந்து, அதே அளவுக்கு முறித்து, அடிமட்டத்தின்மேல் வைத்துப் படம் பிடித்துத் தொலைபேசியில் அனுப்புகிறார். அந்த ஈர்க்குத் துண்டுகளைக் கூரைச் சலாகையிலே வரிசையாகச் செருகி வைத்திருக்கிறார். தாய் திரும்பி வந்தால் காட்டுவதற்காம்.

எம்மைப் பற்றிய ஒன்றையும் சொல்லிவிடுவது நேர்மை. பல்கலைக்கழகத்திலே மகாபொல உதவிப்பணம் முதன்முதலாகக் கைக்கு வந்தபோது, தீபாவளிக்கு அம்மம்மாவுக்கு ஒரு சேலை வாங்கினோம். கடைக்காரர் காட்டியவற்றிலே விலை கூடியதைப் பார்த்தே எடுத்தோம். அம்மம்மா விரித்துப் பார்த்து, “நல்ல சீலை பிள்ளை, எனக்கேன் இவ்வளவு காசுக்கு” என்று சொல்லி, கண்ணில் ஒற்றி, றங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். ஒரு வருஷமாகியும் மடிப்புக் கலையவில்லை. பிடிக்கவில்லையோ என்று அன்னையாரைக் கேட்டோம். அதைக் கட்டிக்கொண்டு போக அவருக்கு இடம் எங்கே இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அப்பொழுதுதான் நினைவு வந்தது. கால் நோவு வந்த நாள் முதல், ஒவ்வோர் ஆவணியிலும் முன்னேஸ்வரத் தேருக்கு ஒருக்கால் போகவேண்டும் என்று அம்மம்மா சொல்லிக்கொண்டுதான் இருந்தார். யாரிடமும் கேட்பது போலச் சொல்வதில்லை. உலைக்கு அரிசி போடும்போதோ, திண்ணையிலே வெற்றிலை இடிக்கும்போதோ, தனக்குத் தானே சொல்வது போலச் சொல்வார். நாமும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

இந்த ஆவணிக்கு முச்சக்கர வண்டி ஒன்று பேசி வைத்திருக்கின்றோம். நெரிசல் கூடுமுன் விடியற்புறத்தில் புறப்படுவது, நிழலுள்ள இடத்தில் உட்கார ஒரு சிறிய கதிரை கொண்டு போவது, தேர் இருப்புக்கு வந்தபின் திரும்புவது என்பது ஏற்பாடு. அம்மம்மாவிடம் சொன்னோம். நல்லது என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையிலே பார்த்தால், றங்குப் பெட்டி திறந்திருந்தது. சேலை முற்றத்துக் கொடியிலே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.